வாபஸ் வாங்கிய சாட்சி

அக்காவின் தொண்டையை நம்பித்தான் எங்கள் மொத்தச் சந்தை விடிந்துகொண்டிருந்தது. லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கும். தக்காளி, வெங்காயம், உருளை, முட்டைக்கோஸ் என்று பெட்டி பெட்டியாக இறங்கும். தகரக் கூரையில் மழை கொட்டினாலும் சரி, லாரிக்காரர்கள் ஹாரனில் கையை வைத்து எடுக்க மறந்தாலும் சரி, அக்கா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று "ஒரு தரம்" என்றால் கடைசித் தூண் வரைக்கும் கேட்கும். நான் அங்கே தராசுக்காரன். அக்கா ஏலம் முடித்த சரக்கை எடை போட்டு அனுப்புவது என் வேலை. வீடும் அடுத்தடுத்த கதவு. காலையில் சந்தையில் அந்தக் குரல், சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அதே குரல். எனக்கு அதிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது.

குரல் மட்டுமா, வாய்! அக்காவுடைய அந்தக் காலத்து வாயைப் பற்றி இங்கே முழுசாக எழுத முடியாது. விலையைக் குறைத்துக் கேட்கிறவனைப் பார்த்து, "ஏலம் கேக்க வந்தியா, எழவு கேக்க வந்தியா?" என்பது அவளுடைய மரியாதையான பேச்சு. மற்றதெல்லாம் அதற்குக் கீழே. திட்டு வாங்குவதற்காகவே சிலர் வேண்டுமென்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சபைக்குப் போனாள். போனவள் போனவள்தான். டயர் கடைக்கு மேல்மாடியில், ரப்பர் வாடை அடிக்கும் ஒரு கூடத்தில் நடக்கிற சின்னச் சபை அது. போதகர் வார நாட்களில் தையல்காரர். அங்கே போக ஆரம்பித்த பிறகு அக்கா கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கப் பழகினாள். "நாசமாப்..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தி, "ஸ்தோத்திரம்!" என்று முடிப்பாள். சந்தை மொத்தமும் சிரிக்கும். சீண்டிப் பார்ப்பார்கள். அக்காவுக்கு முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், வார்த்தை மட்டும் வெளியே வராது.

நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னை அசைத்தது வேறு. எங்கள் சந்தையில் மூன்று தரம் சொல்லிக் குச்சியால் பெட்டியைத் தட்டிவிட்டால், அதற்கப்புறம் யார் வந்தாலும் விலை மாறாது. ஒரே ஒரு விலக்கு. மேலே பளபளவென்று இருந்து, அடியில் அழுகியிருந்தால், ஏலம் கூறியவரே மறுபடி பெட்டிமேல் ஏறி, எல்லோர் காதிலும் விழும்படி "அடி அழுகல், வாபஸ்" என்று சொல்ல வேண்டும். வாங்கினவன் கத்தினால் செல்லாது. தரகன் சொன்னாலும் செல்லாது. ஏலம் கூறியவர் வாயால்தான் வர வேண்டும். அது பெரிய அவமானம் என்பதால் எவனும் லேசில் சொல்ல மாட்டான். அக்காவும் அந்தக் காலத்தில் சொன்னதில்லை. சபைக்குப் போன பிறகு, வாங்கினவன் பார்ப்பதற்கு முன்னால் அவளே பெட்டியைக் கிளறிப் பார்த்து, அவளே ஏறி நின்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மனுஷி இந்த அளவுக்கு மாற முடியுமா என்று பார்க்கத்தான் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்டை கம்ம ஆரம்பித்தபோது யாரும் கவலைப்படவில்லை. கத்துகிற தொண்டை கம்மத்தானே செய்யும். கம்மல் போகாமலே இருந்ததால், அக்காவின் புருஷன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவர் குழாய் ரிப்பேர்காரர். எதையும் நிதானமாகச் செய்கிற ஆள். நிதானம் என்றால் மற்றவர்களுக்குக் கோபம் வருகிற நிதானம். டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, கட்டி ஒன்று இருக்கிறது, சின்னதுதான், இப்போதே எடுத்தால் குரல் ஓரளவு தப்பும் என்று சொன்னார். வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, பேசாமல் இருக்கச் சொல்லி, மறுபடி வர நாள் குறித்து அனுப்பினார்.

சபை உபவாசம் இருந்தது. அக்காவும் பேசாமல் இருந்தாள், மாத்திரையும் விழுங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குரல் கணீரென்று திரும்பி வந்தது.

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஒவ்வொரு பெஞ்சுக்கும் வரிசையாக முறை வரும். சொல்ல இருக்கிறவர் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்வார். முடித்ததும் சபை "ஆமென்" என்று சொல்லும். அந்த ஆமென் வரும்வரை சொன்னவர் உட்காரக் கூடாது. அன்றைக்கு அக்கா எழுந்து, "நான் குணமாயிட்டேன்!" என்று சொன்னபோது கீழே டயர் கடையில் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்து மேலே பார்த்தார்கள். ஆமென் கூரையைப் பிய்த்தது. போதகர் அழுதார். நானும் அழுதேன், பொய் சொல்லக் கூடாது. அந்தச் சாட்சியைக் கேள்விப்பட்டுப் புதிதாகக் குடும்பங்கள் வந்தன. சந்தைக்கு ஐஸ் கொண்டு வருகிற வண்டிக்காரன் குடியை விட்டுவிட்டு முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். புது பெஞ்சுகள் வாங்கினோம்.

அக்கா ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போகவில்லை. புருஷன், "சும்மா ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமே" என்று இழுத்தார். "காட்டினா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டாள்.

மழைக்காலம் வந்தது, கம்மலும் வந்தது. அக்கா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டாள். குளிர் என்றாள். ஏலத்தைச் சுருக்கமாக முடித்தாள். இரைச்சல் அதிகமான நேரத்தில் கைச்சாடை காட்டுவது எங்கள் வழக்கம்: விரித்த கை என்றால் ஏலம் இன்னும் நடக்கிறது, மூடிய கை என்றால் முடிந்தது. அதுவரை எப்போதாவது காட்டியவள் இப்போது எதற்கெடுத்தாலும் கையைக் காட்டினாள். மாடிப்படி ஏறும்போது மூச்சில் விசில் சத்தம் வந்தது. கடைசியில் ஒரு நாள் சாப்பாடு இறங்காமல் விக்கி நின்றபோது மகள் அவளைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மகள் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். வாயில் அம்மாவை உரித்து வைத்தவள்.

டாக்டர் திட்டியிருக்கிறார். இனிமேல் பாதி எடுப்பது, மீதி வைப்பது என்ற பேச்சே இல்லை. குரல்பெட்டியை முழுசாக எடுத்துவிட்டு, கழுத்தில் துளை வைத்து அதன் வழியாக மூச்சு விட வைக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சுக்குழாய் அடைத்துப் போய்விடும்.

அன்று சாயங்காலம் என் மனைவி உருளைக்கிழங்கை மசித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தனுப்பினாள். நான் கொண்டு போனேன். குழாய்க்காரர் வீட்டில்தான் குழாய் ஒழுகும் என்பது எங்கள் மாடியில் எல்லோரும் சிரிக்கிற விஷயம். சமையலறை வாளியில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது, அவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் நாள் முழுக்க நின்ற காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள். "திங்கக்கிழமை படுக்கை காலியாகுதாம். சேத்துக்கறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவங்க வரமாட்டேங்கறாங்க."

"வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்? கொஞ்சம் பொறுன்னுதானே சொன்னேன்." அக்காவின் குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது.

"பொறுத்துப் பொறுத்துத்தான் இங்க வந்து நிக்குது. நீ மூச்சு விடறது கீழ்வீட்டுக்குக் கேக்குது."

"நான் சபை நடுவுல நின்னு சொன்னேன்டி. எத்தனை பேரு அதைக் கேட்டுட்டு உள்ள வந்தாங்க. அந்த ஐஸ் வண்டிக்காரன் குடியை விட்டான். இப்ப நான் போய்க் கழுத்துல ஓட்டையோட வந்து நின்னா அவன் என்ன நினைப்பான்? கர்த்தர் பொய்யின்னுதானே நினைப்பான்?"

"அதுக்கு? உன் சாமி மானத்தைக் காப்பாத்த நீ சாகணுமா?"

"வாயை அலம்பு."

"நான் எதுக்கு அலம்பணும்? உன் உசுரை விட அவருக்கு அவரு பேருதான் பெருசுன்னா, அப்படிப்பட்டவரு எனக்கு வேண்டவே வேண்டாம்."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்துவிட்டது. இருமி முடிக்கும்வரை மூன்று பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழாய்க்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. வாஷர் போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு ஒத்துக்கணும். போகலை, நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா தண்ணி நிக்குமா?"

"முதல்ல நம்ம வீட்டு வாஷரைப் பாருப்பா. அப்புறம் உபதேசம் பண்ணு" என்றாள் மகள்.

அக்கா சிரித்தாள். மகளும் சிரித்தாள், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் எழுந்து உள்ளே போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, எனக்குப் பயமா இருக்குடா. சாவுக்கில்ல. என் வாய் எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். அதை அவருதானே திருத்தினாரு? நானாவா திருந்தினேன்? திருத்தி, நல்லதாக்கி, இப்ப நல்லதானப்புறம் எடுத்துக்கறேங்கறாரு. அழுக்குத் துணியைத் துவைச்சு, காயப்போட்டு, மடிச்சு வெச்சு, அப்புறம் யாராவது அடுப்புல போடுவாங்களா?"

"சூடு ஆறறதுக்குள்ள குடிங்கக்கா" என்றேன்.

மறுநாள் போதகர் வந்தார். விரல் நுனியில் தையல் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. கடைசியில், "ஜெபத்தோட இன்னும் கொஞ்சம் காத்திருந்து பாக்கலாமாம்மா..." என்றார்.

"நீங்க காத்திருங்க பாஸ்டர்" என்றாள் மகள். "உங்க கழுத்து நல்லாத்தானே இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்துவிட்டார். மாடிப்படியில் என் கையைப் பிடித்தார். "அன்னிக்கு அந்தம்மா சாட்சி சொன்னப்ப, டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களான்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுப்பா. சபை அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. கேக்க மனசு வரலை. இப்பவும் வாபஸ் வாங்குங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது.

அக்கா முடிவெடுத்தது சபையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. மழை விடாமல் பெய்த ஒரு காலையில், சந்தையில், ஒரு தக்காளிப் பெட்டியால் எடுத்தாள்.

அன்றைக்கு அவளுக்குக் குனிந்து கிளறிப் பார்க்கத் தெம்பில்லை. மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏலத்தை முடித்துவிட்டாள். வாங்கினவன் கேன்டீன்காரன். என் தராசுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தான். மேலே நல்ல பழம், கீழே கறுத்த தண்ணீர். வாடை மூக்கில் ஏறியது.

"ஏலக்காரம்மா! இதப் பாத்தியா?"

அக்கா பார்த்தாள். உடனே பெட்டிமேல் ஏறினாள். வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. கையை ஆட்டினாள். ஆனால் வாபஸுக்குக் கைச்சாடை கிடையாது. கூட்டம் அவளைக் கவனிக்கவே இல்லை.

"என்ன, ஊமையாயிட்டியா?" என்று கேன்டீன்காரன் கத்தினான். "சாட்சி சொல்லணும்னா மட்டும் வாய் வரும், அழுகலைச் சொல்லணும்னா வராதோ?"

அடிக்கப் போய்விட்டேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். முகம் நீலம் பாரித்தது. எங்கிருந்து இழுத்தாளோ, ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"அடி... அழுகல். வாபஸ்!"

பக்கத்தில் நின்ற லாரிக்காரர் என்ஜினை அணைத்தார். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேன்டீன்காரன் வேறு பெட்டிக்குப் போய்விட்டான்.

அக்கா இறங்கி என் தராசுப் பலகைமேலேயே உட்கார்ந்தாள். துப்பினாள். எச்சிலில் சிவப்பு இருந்தது. செருப்பால் தேய்த்துவிட்டாள்.

"தம்பி, அன்னிக்கு நான் சொன்ன சாட்சியும் இதே மாதிரிதான்டா" என்றாள். "மேல நல்லாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொல்லலை. அடியைப் பாக்காம மூணு தரம் சொல்லிட்டேன். இப்பத்தான் பாத்தாச்சே. இதுக்கப்புறமும் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் ஏமாத்துக்காரி."

"நீங்க எதுக்கக்கா கஷ்டப்படணும்? பாஸ்டரைச் சொல்லச் சொல்லலாம்."

"ஏலம் கூறினவதான் சொல்லணும். உனக்கு முறை தெரியாதா?" மூச்சை இழுத்துக்கொண்டாள். "தொண்டை இருக்கறப்பவே சொல்லிடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஈரக் குடைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. மகள் வரமாட்டேன் என்று கீழே டயர் கடை வாசலிலேயே அப்பாவோடு நின்றுகொண்டாள். அக்காவின் பெஞ்சு வந்தது. எழுந்தாள். முன்பெஞ்சில் இருந்த ஐஸ் வண்டிக்காரன் சிரித்த முகமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"நான் குணமாகலை" என்றாள் அக்கா. "அன்னிக்கு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். நாளைக்குத் தொண்டையை எடுக்கப் போறாங்க. நான் சொன்ன சாட்சி வாபஸ்."

யாரோ ஒரு அம்மாள் "ஐயோ" என்றாள். அக்கா நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"சாட்சிதான் வாபஸ். அவரு வாபஸ் இல்ல. ஏன் இப்படிச் செய்றாருன்னு எனக்குப் புரியலை. கோவமா இருக்கு. ஆனா என் வாயை மாத்தினவரு அவருதான். அதை நான் பாத்திருக்கேன். அதனால புரியாமலேதான் போறேன், அவரை நம்பித்தான் போறேன். அவ்வளவுதான்."

முடித்துவிட்டாள். ஆமென் வரவில்லை.

போதகரின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புதிதாக வந்த குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டன. ஐஸ் வண்டிக்காரன் எழுந்தான். அக்காவைப் பார்க்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போனான். இரும்புப் படியில் அவன் இறங்கிப் போகிற சத்தம் கடைசிப்படி வரைக்கும் கேட்டது.

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். மூச்சில் விசில் அடித்தது. சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவளே, "ஆமென்" என்றாள். உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலையில் வாடகை வண்டி வாசலில் நின்றது. மகள் போனை அம்மாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். "ஏதாவது சொல்லும்மா. வெச்சுக்கறேன்."

"என்னத்தடி சொல்ல?"

"எதையாவது சொல்லு. பாட்டுப் பாடு. திட்டு."

அக்கா யோசித்தாள். கண் கலங்கியது. ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவள் சமையலறைப் பக்கம் காதைத் திருப்பினாள். "வாளி நிறைஞ்சு வழியுது பாருங்க. மனுஷன் இன்னும் அந்தக் குழாயைச் சரி பண்ணலையே" என்றாள்.

மகளின் போனில் இருப்பது அது மட்டும்தான்.

அன்று சாயங்காலமே குழாய்க்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, உடுப்புகூட மாற்றாமல் அந்த வாஷரை மாற்றினார். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்டும் எழவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது பாதியாக இருந்தாள். கழுத்தில் துளை, அதன்மேல் மெல்லிய துணி. சளி அடைத்தால் உடனே துடைத்துவிட வேண்டும். மகள் கடையில் லீவு போட்டுவிட்டு அதைக் கற்றுக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது குரலும் இல்லை, சொட்டுச் சத்தமும் இல்லை. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அக்கா கரண்டியால் தட்டில் தட்டுவாள். கோபம் மட்டும் குறையவில்லை. வந்தால் கரண்டி பறக்கும். எழுதிக் காட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போதகர் வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சந்தையில் அவள் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான். அவன் குரல் இரண்டாவது தூணைத் தாண்டாது. ஐஸ் வண்டிக்காரன் பழையபடி குடிக்கிறான் என்று சொன்னார்கள். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தானாகவே புடவை மாற்றிக்கொண்டு படி இறங்கிவிட்டாள். மகள் துணியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "இவ்வளவு பட்டும் உனக்குப் புத்தி வரலையா?" என்று திட்டிக்கொண்டே கை கொடுத்து இரும்புப் படியில் ஏற்றினாள். மேலே தனியாக விட்டுவிட்டு வாசலில் நிற்க முடியாதே, சளி அடைத்தால்? முதன்முறையாக அவளும் அந்தக் கூடத்துக்குள் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புது பெஞ்சுகளில் பாதி காலி. சாட்சி நேரம் வந்தது. அக்காவின் வரிசைக்கு வந்ததும், போதகர் அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தார் போலிருக்கிறது, அடுத்த பெஞ்சைப் பார்த்தார்.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

துளை வழியாக மூச்சு போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. ஈரமான சத்தம். எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவள் வலது கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினாள். சந்தையில் வேலை பார்க்கிற ஆட்கள் மூன்று நான்கு பேர்தான் அங்கே இருந்தோம். எங்களுக்குப் புரிந்தது. இன்னும் முடியவில்லை என்கிறாள்.

நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வார்த்தை இருந்தால் எங்கே முடிந்தது என்று தெரியும், ஆமென் சொல்லலாம். எங்கே சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. போதகர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அன்றைக்குப் போல அவளே சொல்லிக்கொண்டு உட்காரவும் இனிமேல் முடியாது. அக்காவின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. உயர்த்திய கை மட்டும் இறங்கவில்லை.

"ஆமென்!" என்று ஒரு குரல் கேட்டது. கடைசித் தூண் வரைக்கும் கேட்கிற குரல். ஒரு நிமிஷம் அக்காதான் பேசினாள் என்றே நினைத்துவிட்டேன்.

மகள். கன்னமெல்லாம் கண்ணீர், முகமெல்லாம் கோபம். "ஆமென். போதுமா? உக்காரும்மா, காலு நடுங்குது பாரு."

அக்கா அவளைக் குனிந்து பார்த்தாள். விரித்த கையை மூடாமலே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.